அண்ணனுக்குப் பிடித்ததைப் படைத்த நாள்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை உன் அம்மா தனியாக எழுதுவாள். எனக்கு நேராக விஷயத்துக்கு வந்துதான் பழக்கம். நீ துபாய்க்கு விமானம் ஏறுவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். அதற்காகக் கடையில் கம்பிக் காயில் கட்ட வந்த எரிந்த மோட்டார்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வார்னிஷ் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதன் இன்னொரு படியை ஒரு வாரப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். வீட்டுச் சங்கதியை ஊர் படிப்பதா என்று உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் சங்கதிக்குச் சொந்தக்காரன் உன் மாமா முருகையன். அவனைக் கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க மச்சான். ஒளிச்சு ஒளிச்சுத்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்" என்றான். உன் அம்மாவும் தன் தம்பி பேச்சுக்குத் தலையை ஆட்டிவிட்டாள். பிறகு நான் யார் தடுக்க?

அண்ணன் செத்த செய்தி ரேடியோவில் வந்த அன்று நீ ஊரில் இருந்தாய். உன் மாமாவும் அவனோடு சேர்ந்த ரசிகர் கூட்டமும் அந்த நடிகரை அண்ணன் என்றே சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன், வேறு மரியாதை எதுவும் இல்லை. அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம் அது. நெல் தலை சாய்ந்து கிடந்தது, நம் தெற்குத் தெரு ஆட்கள் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடக்குத் தெரு மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தார். கோட்டையில் இந்தக் கொடி பறந்தாலும் அந்தக் கொடி பறந்தாலும் எங்கள் வாய்க்கால் பாலத்தில் போலீஸ் வேன் வந்து நிற்பது மட்டும் மாறுவதில்லை. அன்றும் நின்றது. லாரியை மறிக்க நம் ஆட்கள் கம்போடு நின்றார்கள். நீயும் நானும் பின்னால் நின்றோம். அடிதடி நிச்சயம் என்று எனக்குத் தெரியும். லாரி வந்தது, ஆனால் யாரும் இறங்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, கால் தரையில் படாமலேயே, "அண்ணன் போயிட்டாராம்யா" என்றான். அவ்வளவுதான். லாரியிலிருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவர்களை மறிக்க நின்ற நம் ஆட்கள் கம்பைக் கீழே போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். மறித்தவனும் மறிக்கப்பட்டவனும் ஒரே வரப்பில் உட்கார்ந்து அழுததை நீ பார்த்தாய்.

பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. அன்று சாயங்காலம் மாலைப் பேப்பர் மன்னார்குடியிலிருந்து வந்தது. அண்ணன் பல வருஷமாக வலி மருந்து ஊசிக்கு அடிமை, அதுதான் உயிரை வாங்கியது என்று போட்டிருந்தான். டீக்கடையில் ஒருவன் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்ததும் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்றான் ஒருவன். ஒரு நடிகை செய்வினை வைத்தாள் என்றான் இன்னொருவன். "நெஞ்சு வலிடா. ஊருக்கெல்லாம் அழுதவரு, அந்த நெஞ்சு எத்தனைய தாங்கும்?" என்றார் டீ ஆற்றுகிறவர். இரண்டு கட்சியும் அண்ணன் எங்கள் ஆள் என்று தட்டி எழுதி வைத்தன. எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் எரிந்தால் ஏன் எரிந்தது என்று பார்ப்பேனே தவிர, அதற்குச் சாமி கும்பிட மாட்டேன். "ஊசி போட்டுக்கிட்டுச் செத்தவனுக்கு ஊரே மொட்டையா?" என்றேன். டீ கிளாஸ் ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது. உன் மாமாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "மச்சான், ஒங்களுக்கு வாயில ஃபியூசே கெடையாதா?" என்றான். அவன் கை நனைந்து நடுங்கியது. எனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் நீ சொன்னாய்: "இது ஊரே இல்லப்பா, டெண்ட் கொட்டாய். இவங்களுக்குக் கூலி ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன?" மறுநாள் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டாய். நான் உன்னைக் கண்டிக்கவில்லை. உள்ளுக்குள் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பனும் மகனும் என்பதால் பொறுமையின்மையும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகையில் படிப்பவர்களுக்கு அவனைத் தெரியாது. முருகையன் மன்னார்குடியில் ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டர். காலையில் கிளினிக், மாலையில் சைக்கிளில் தோல் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஊசி போடுவான். அவன் கைக்கு ஒரு பேர் உண்டு. குழந்தைகள் அழாமல் கையை நீட்டும். வடக்குத் தெருவில் நம் ஆட்கள் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும் என்றிருந்த வீடுகளில்கூட அவனுக்கு மட்டும் முன்வாசல் திறந்தது. வலிக்கு வாசல் தெரியாது. இன்னொரு பெருமையும் உண்டு. தஞ்சாவூருக்கு ஒரு விழாவுக்கு அண்ணன் வந்தபோது, லாட்ஜில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாக ஆள் தேடியிருக்கிறார்கள். அப்போது தஞ்சாவூரில் வேலை பார்த்த முருகையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "அண்ணனுக்குக் காய்ச்ச ஊசி போட்ட கை" என்பதுதான் அதன் பிறகு அவன் பட்டம். தெற்குத் தெரு ரசிகர் மன்றத்துக்கு அவன் தலைவரானது அந்த ஒரே தகுதியில்தான்.

வடக்குத் தெருவுக்குத் தனி மன்றம். தலைவர் மிராசுதாரின் மகன் ராஜேந்திரன். டிராக்டர் வரப்பில் கவிழ்ந்து வலது கால் நசுங்கி, பிழைத்து எழுந்து, இப்போது சாய்ந்து சாய்ந்து நடப்பவன். ஒரே நடிகருக்கு ஒரே ஊரில் இரண்டு மன்றம், இரண்டு போர்டு. படம் வந்தால்கூட வேறு வேறு நாளில்தான் மாலை போடுவார்கள். செத்த பிறகும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். ஆனால் கருமாதியை எங்கே வைப்பது என்று வந்தபோது ஒரு சிக்கல். அண்ணனின் பெரிய படம், சென்னையிலிருந்து சட்டம் போட்டு வந்தது, வடக்குத் தெருவில் இருந்தது. அண்ணனைத் தொட்ட கை தெற்குத் தெருவில் இருந்தது. படம் இல்லாமல் இவர்களுக்கு ஆகாது, அந்தக் கை இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. ஆற்றங்கரை யாருக்கும் சொந்தமில்லை. கடைசியில் பாமணி ஆற்றுப் படித்துறையில் ஒன்றாகவே வைத்துக்கொள்வது என்றானது. தாசில்தார் கூட்டிய சமாதானக் கூட்டங்களுக்கு ஒரே பாயில் உட்காராதவர்கள் இதற்கு உட்கார்ந்தார்கள்.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். உன் அம்மா, "வாயத் தொறக்காம நில்லுங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பினாள். மணல்மேட்டில் மொட்டைக்குத் தலை கொடுத்தவர்கள் நீள வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நம் தெருத் தலையில் வடக்குத் தெரு நாவிதர் கத்தி வைத்ததில்லை, அது உனக்குத் தெரியும். அவர் அங்கே தயங்கி நின்றார். எவன் எந்தத் தெரு என்று பார்த்துப் பிரித்து உட்கார வைக்க வந்தார் மிராசுதாரின் காரியஸ்தர். தலையெல்லாம் ஈரம், சட்டையெல்லாம் கழற்றியாகிவிட்டது, எல்லோரும் கறுப்பு, அவரால் பிரிக்க முடியவில்லை. "யோவ், வரிசையில வாய்யா. அண்ணன் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று ராஜேந்திரன் நாவிதருக்குப் படத்தைக் காட்டினான். நாவிதர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் தலையைப் பிடித்தார். அது எந்தத் தெருத் தலை என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் அதை நம்ப முடியாமல் நின்று பார்த்தேன். ஒரு சுவிட்சைப் போட்டதுபோல நடந்தது. எந்த ஒயர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது படையல். செத்தவனுக்கு உயிரோடு இருக்கும்போது என்ன பிடிக்குமோ அதை இலையில் வைப்பது நம் வழக்கம். சுருட்டுப் பிடித்தவனுக்குச் சுருட்டு, சாராயம் குடித்தவனுக்குச் சாராயம். ஒளிவு மறைவு கிடையாது. பெண்டாட்டியே கொண்டுவந்து வைப்பாள். வைத்ததை வைத்தவன் திரும்ப எடுக்கக் கூடாது, அது செத்தவன் வாயிலிருந்து பிடுங்குவது. கடைசியில் இலையோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் யாரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டிராத ஒரு மனிதனுக்கு என்ன படைப்பது?

"விரால் மீன் கொழம்பு. அண்ணனுக்கு உசுரு" என்று ஒருவன் சட்டியை இறக்கினான்.

"அண்ணன் மீனே தொடமாட்டாருடா. பத்திரிகையில போட்டிருந்தான்."

"எந்தப் பத்திரிகை?"

"பேரு மறந்துபோச்சு. ஆனா போட்டிருந்தான்."

"ஒனக்கு மீனு வாங்கக் காசு இல்ல, அதுக்கு அண்ணன ஏன்டா சைவம் ஆக்குற?"

கருமாதியில் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் கீழே குனிந்துகொண்டார்கள். பிரியாணி வந்தது, சீமைச் சாராயம் வந்தது, வாயில் வைக்கத் தெரியாதவன் வாங்கிவந்த விலை உயர்ந்த சிகரெட் வந்தது. இலை நிறைந்துவிட்டது. கற்பூரம் ஏற்றப் போகும்போது உன் மாமா மொட்டைத் தலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். எல்லோரும் சட்டையைக் கழற்றியிருக்க, வேகாத வெயிலிலும் அவன் மட்டும் முழுக்கைச் சட்டை. அவன் எப்போதும் முழுக்கைதான், கம்பவுண்டர் அந்தஸ்து என்று நான் கேலி செய்ததுண்டு. தோல் பையைத் திறந்தான். ஊசி கொதிக்க வைக்கும் எவர்சில்வர் பெட்டியை எடுத்து இலையில் வைத்தான். அதன் பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை, மருந்து ததும்பும் குப்பிகளை, ஒவ்வொன்றாக அடுக்கினான். பிரியாணிக்கும் சிகரெட்டுக்கும் நடுவில்.

"அண்ணனுக்குப் புடிச்சது இதுதாங்க" என்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கம்பவுண்டர் தன் தொழில் சாமானை வைத்து மரியாதை செய்கிறான் என்று நினைத்தார்கள். ஒருவன் "அண்ணன் வாழ்க" என்றுகூடச் சொல்லிவிட்டான். முருகையன் கையை ஆட்டினான். "வாழ்கன்னு சொல்லாதீங்க. நான் தஞ்சாவூர்ல அவருக்குப் போட்டது காய்ச்ச ஊசி இல்ல. இது. கைய நீட்டுனாரு. நானும் தேடுறேன், ஊசி எறக்க எடமே இல்ல. கை முழுக்கக் காஞ்சுபோய்க் கெடந்துச்சு. கடைசியில பொறங்கையில போட்டேன். 'நல்ல கை தம்பி ஒனக்கு'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு இத்தன வருசம் ஒங்ககிட்ட நான் பொழச்சேன்."

"டேய், எறங்குடா கீழ!" என்றது ஒரு குரல். மண்ணாங்கட்டி ஒன்று வந்து அவன் தோளில் பட்டு உடைந்தது. நான் முன்னால் போனேன், முருகையன் பெண்டாட்டி, உன் அத்தை, என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அழவில்லை. "விடுங்கண்ணே. ஊசிக்கு வாக்கப்பட்டு இத்தன வருசமாச்சு. இன்னிக்காவது சொல்லட்டும்" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்.

முருகையன் சட்டைப் பொத்தானைக் கழற்றி இடது கையை வெளியே உருவிக் காட்டினான். நான் அந்தக் கையை விவரிக்கப் போவதில்லை. எரிந்துபோன காயிலை உனக்குக் கடையில் காட்டியிருக்கிறேன், அது போதும். "அவ்வளவு பெரிய மனுசனே போட்டுக்கிறாரே, அதுல என்னதான் இருக்குதுன்னு பாத்தேன். அவர மாதிரி தலை வாருனீங்க நீங்க. நான் இதச் செஞ்சேன்" என்றான். அதோடு நின்றிருந்தால் ஊர் அவனை அடித்துத் துரத்தியிருக்கும், அல்லது பாவம் என்று விட்டிருக்கும். அவன் நிற்கவில்லை. ராஜேந்திரன் பக்கம் திரும்பினான்.

"சின்னய்யா, இது எங்கேருந்து கெடைச்சுதுன்னும் சொல்லணும். காலு நசுங்கிக் கெடந்தீங்களே, டாக்டரு எழுதிக் குடுத்தத நான்தான் தெனமும் வந்து போட்டேன். ஒங்களுக்குப் பாதிதான் போட்டேன். மிச்சத்துக்குத் தண்ணி கலந்தேன். ஒங்க மருந்துல பாதி இந்தக் கையில இருக்கு."

தம்பி, அந்த நிமிஷத்தை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். தெற்குத் தெரு ஆள் ஒருவன், கூலிச் சண்டை நெருப்பாக இருக்கும் நேரத்தில், மிராசுதார் மகனின் வலி மருந்தைத் திருடினேன் என்று நடு ஆற்றங்கரையில் சொல்கிறான். அதை ஒருவன் அவமானமாக எடுத்தால் போதும், அன்று சாயங்காலம் நம் தெருவில் ஒரு கூரை மிஞ்சியிருக்காது. இதைவிடச் சின்னக் காரணங்களுக்குக் கூரை எரிந்த மண் இது. கூட்டம் தானாகவே பிரிய ஆரம்பித்தது. மொட்டைத் தலைகள் அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்ந்தன. அப்போதுதான் எவன் எந்தத் தெரு என்று எனக்கு மறுபடி தெரிந்தது. காரியஸ்தர் கம்பை எடுத்தார். நம் பக்கத்தில் ஒருவன் குனிந்து கல் பொறுக்கினான். உன் மாமா நகரவில்லை. இலைக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அடி வாங்கத் தயாராக வந்தவன் நிற்கும் நிலை அது.

ராஜேந்திரன் சாய்ந்து சாய்ந்து நடந்து அவன் முன்னால் வந்தான். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டான்.

"நான் கத்துனேனே முருகையா, அது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சின்னய்யா."

"எங்க இருந்த?"

"ஒங்க கொல்லையில. ஊசிய எனக்குப் போட்டுக்கிட்டு, கெணத்தடியில ஒக்காந்திருந்தேன். நீங்க கத்துறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"ஆத்தா ஆத்தான்னு கத்துனேன்."

"ஆமாங்க."

ராஜேந்திரன் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தான். கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் மொட்டைத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டான், அங்கே முடி இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தவனைப் போல. குனிந்தான். நசுங்கிய காலோடு அவனால் சரியாகக் குந்த முடியாது, ஒரு பக்கமாக விழுவதுபோல உட்கார்ந்து, இலையின் ஒரு முனையைப் பிடித்தான். "அந்தப் பக்கம் புடி. படைச்சாச்சு. இனிமே இது அவரோடது, ஒன்னோடது இல்ல" என்றான். காரியஸ்தர் "தம்பி..." என்று ஆரம்பித்தார். "நீங்க கம்பக் கீழ போடுங்க மாமா. கருமாதி முடியல" என்றான். இருவரும் இலையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஒருவன் நொண்டுகிறான், ஒருவனுக்குக் கை நடுங்குகிறது. குழம்பு வழிகிறது. யாரும் உதவிக்குப் போகவில்லை. தண்ணீர் முழங்கால் வரை வந்ததும் இலையை விட்டார்கள். பிரியாணியும் சிகரெட்டும் மிதந்தன. பெட்டியும் குப்பிகளும் அடியில் போயின.

நான் சாமி கும்பிடாதவன். அன்று அந்தப் படித்துறையில் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் சேர்ந்து நின்றதை உனக்கு மறைக்கப் போவதில்லை. சேர்ந்தது படத்தில் இருந்தவனுக்காக இல்லை. தண்ணீரில் நின்ற இரண்டு பேருக்காக.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. அறுப்பு பிறகு நடந்தது, இரண்டு பக்கமும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்ட கூலிக்கு. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. ராஜேந்திரன் பேச்சுவார்த்தையில் அவன் அப்பா பக்கம்தான் உட்கார்ந்தான், ஒரு படி நெல்லுக்குக்கூட இறங்கி வரவில்லை. ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் இன்றும் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. டீக்கடையில் இன்றும் அந்த ஊசியின் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். முருகையனுக்கு என்ன என்று கேட்டால், "ஒடம்பு முடியல" என்பார்கள். டாக்டர் அவனைக் கிளினிக்கிலிருந்து நிறுத்திவிட்டார், நிறுத்தத்தான் செய்வார். ஆற்றில் விட்ட மறுநாளே அவன் உடம்பு தன் வேலையைக் காட்டியது. வியர்வை, வாந்தி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், காலைத் தரையில் அடித்துக்கொண்டு புரண்டான். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சேர்த்தோம். "பைத்தியக்கார வார்டா?" என்று உன் அம்மா முதலில் அழுதாள். அங்கே ஒரு டாக்டர், என்னைப் போலவே சுற்றி வளைக்காதவர், "மருந்து நாங்க குடுப்போம். ஆனா எப்பவும் கூட ஒருத்தர் ஒக்காந்திருக்கணும். இவர் எந்திரிச்சு ஓடப் பாப்பாரு, கெஞ்சுவாரு, காலப் புடிப்பாரு. எரக்கப்பட்டு எவனாவது வெளியேருந்து வாங்கிக் குடுத்தா அதோட முடிஞ்சுது" என்றார்.

யார் உட்காருவது? நானும் உன் அம்மாவும் அத்தையும் மாறி மாறி உட்கார்ந்து ஓய்ந்துபோனோம். அப்போது மன்றத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேப்பரைக் கிழித்தவன் வந்தான். மண்ணாங்கட்டி எறிந்தவன் வந்தான், அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். என் மேல் டீ கிளாஸ் வீசியவனும் வந்தான். "அண்ணே, அன்னிக்கு அடி கொஞ்சம் வெலகிப் போச்சு, மன்னிச்சுக்குங்க" என்றான். விலகியதற்கா வீசியதற்கா மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. இவர்களில் ஒருவன்கூட அண்ணன் ஊசியால் செத்தார் என்று இன்றுவரை வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முருகையன் நெளியும்போது அவன் காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கிறார்கள். மன்றத்துக்கு என்று முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள், கட்அவுட்டுக்குக் காவல் இருந்த மாதிரி. நாம் இவர்களைப் புத்தியில்லாத கூட்டம் என்றோம். தெரிந்த உண்மையைச் சொல்ல வாய் வராத மனிதன், அந்த உண்மைக்குச் செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்துகொண்டிருக்கிறான். படித்த நான் இத்தனை வருஷம் முழுக்கைச் சட்டையைக் கேலி மட்டும் செய்தேன். இதற்கு எனக்கு விளக்கம் தெரியாது. தெரியாது என்று எழுதுவது எனக்குப் பழக்கமும் இல்லை.

ராஜேந்திரனும் வருகிறான். காரை வெளியே நிறுத்திவிட்டு, யாரிடமும் பேசாமல் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வான். முருகையன் வலியில் கத்தும்போது மற்றவர்களுக்கு முகம் சுருங்கும், தண்ணீர் எடுக்க, டாக்டரைக் கூப்பிட என்று எழுந்து வெளியே போய்விடுவார்கள். இவன் போவதில்லை. ஒருநாள் நான், "நீங்க சித்த நேரம் வெளியில போய் காத்தாட நில்லுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றேன். "வேணாங்க. அவன் கத்துறத நான் கேக்கணும்" என்றான். பழி தீர்க்கிறானா, பாசமா, இரண்டுமா? அவன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முருகையன் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "மத்தவங்க இருக்கறப்போ கெஞ்சத் தோணுது மச்சான். அவரு ஒக்காந்திருந்தா கெஞ்ச முடியல."

நீ போகிற இடத்தில் ஒரே அறையில் பத்து ஆட்கள் படுப்பார்கள். வேலை எலும்பை முறிக்கும். உடம்பு வலிக்கு என்று ஒருவன் எதையாவது நீட்டுவான், நல்லவனாகத்தான் இருப்பான். வாங்காதே. இது முதல் புத்திமதி. அதைவிடப் பெரியது இன்னொன்று: உன் கண் முன்னால் கூட்டமாக அழுகிறவர்களைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு கட்டாதே. அவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கொஞ்ச நேரம் நின்று பார். நான் நின்றதால் பார்த்தேன். உன் அம்மா வாயைத் திறக்காமல் நிற்கச் சொன்னதால் பார்த்தேன் என்பதுதான் உண்மை.

கடைசியாக, நான் எழுத உட்கார்ந்த காரணம். முருகையன் தேறுவான் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஒரு தடவை தவறினால் மறுபடி முதலிலிருந்து என்கிறார். அவன் நேற்று, "மருமவன் எங்க மச்சான்? பிளேன் ஏறிட்டானா?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "அவன் வர வேணாம். இந்தக் கோலத்துல என்னப் பாக்க வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது, உனக்குப் புரியாதா? விமானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. தஞ்சாவூர் வந்து, அவன் கட்டில் பக்கத்தில் உட்காரும் முறையில் ஒன்றை நீயும் எடுத்துக்கொள். பழம், ஹார்லிக்ஸ் எதுவும் வேண்டாம். ஆறுதல் வார்த்தையும் யோசித்துக்கொண்டு வராதே, உன் மாமா அதைவிட நன்றாக வசனம் பேசுவான். உன்னைத் தூக்கி வளர்த்ததைச் சொல்லி ஊசி கேட்பான், உன் அம்மா பேரைச் சொல்லிக் கேட்பான், ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்பான். இல்லை என்று சொல். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திரு. அவன் கத்துவான், தம்பி. எழுந்து வெளியே போய்விடாதே.

உன் அப்பா